கொடுக்கிணைப்பு நுண்ணூட்டங்கள்

கொடுக்கிணைப்பு நுண்ணூட்டங்கள் என்பவை இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம் போன்ற உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறு ஒன்று பல முனைகளில் பற்றியிருக்கும் அணைவுச் சேர்மங்கள். மண்ணில் கரையா நிலைக்குப் போய் முடங்கிவிடும் உலோகத்தைக் கரைசலிலேயே நிறுத்தி வேர்வரை கொண்டு சேர்ப்பது இவற்றின் வேலை. உரக்கடைகளில் ‘செலேட்டட்’ என்ற அடைமொழியோடு விற்பவை இவையே. வேதியியலில் அணைவுச் சேர்மங்களின் அமைப்பை விளக்கும் கொள்கையை ஆல்ஃபிரட் வெர்னர் 1893இல் முன்வைத்தார். அதற்காக 1913இல் நோபல் பரிசு பெற்றார். அந்த அறிவு பயிர் வயலுக்கு வந்து சேர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

சிக்கலின் வேர்

புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பு. எந்த வயலிலும் இரும்புக்குப் பஞ்சமில்லை. பயிருக்குக் கிடைக்கும் இரும்புக்குத்தான் பஞ்சம். காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பு ஃபெரிக் நிலையில் ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் படிந்து கிடக்கிறது. பிஎச் எனப்படும் கார அமில நிலை ஓர் எண் உயரும்போது கரைசலில் இருக்கும் ஃபெரிக் அயனியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. பிஎச் 8ஐ ஒட்டிய சுண்ணாம்பு மண்ணில் அது பயிரின் தேவைக்கு எவ்வகையிலும் போதாது. பாசனநீரில் பைகார்பனேட் மிகுந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பற்றாக்குறை முதலில் இளந்தளிரில் தெரியும். நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். முற்றினால் இலை வெளுத்துப் போகும். முதிர்ந்த இலையில் சேர்ந்த இரும்பு தளிருக்கு எளிதில் இடம்பெயராததே இதற்குக் காரணம். பச்சைய மூலக்கூறின் நடுவில் இருப்பது மக்னீசியம். அதில் இரும்பு கிடையாது. ஆனால் அந்த மூலக்கூறைக் கட்டும் நொதிகளில் சில இரும்பில்லாமல் இயங்கா. இலை மஞ்சளாவதற்கு அதுவே காரணம்.

அன்னபேதியிலிருந்து ஈடிடிஏ வரை

வெளுத்த இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினால் பச்சை திரும்புவதை பிரான்சில் எவ்சேப் கிரீ 1840களிலேயே காட்டிவிட்டார். அன்னபேதி எனப்படும் ஃபெரஸ் சல்பேட்டைத் தெளிக்கும் இன்றைய வழக்கத்தின் தொடக்கம் அது. ஆனால் அதே உப்பைச் சுண்ணாம்பு மண்ணில் இட்டால் விரைவிலேயே துருவாகிப் பயனற்றுப் போகிறது.

ஈடிடிஏ என்ற சேர்மத்தை ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் 1935இல் உருவாக்கியபோது அவர் மனத்தில் வேளாண்மை இல்லை. சாயத் தொழிலில் கடினநீரின் கால்சியத்தைக் கட்டிவைக்க, சிட்ரிக் அமிலத்துக்கு மாற்று தேவைப்பட்டது. அதன்பின் சூரிச் நகரில் கெரால்ட் ஷ்வார்ட்சென்பாக், உலோகத்தைப் பற்றும் இத்தகைய மூலக்கூறுகள், அதாவது ஈனிகள், ஒவ்வோர் உலோகத்தையும் எவ்வளவு இறுகப் பிடிக்கின்றன என்பதை முறையாக அளந்தார். அவர் வழியில் கிடைத்த நிலைப்புத்தன்மை மாறிலிகள் இல்லாமல் இந்தத் துறையில் எதையும் கணக்கிட முடியாது.

கலிஃபோர்னியாவில் லூயிஸ் ஜேக்கப்சன் 1951இல் ஊட்டக்கரைசலில் இரும்பு ஈடிடிஏவை ஒரே ஒரு முறை சேர்த்துச் செடிகளைப் பசுமையாக வளர்த்துக் காட்டினார். அதற்கு முன் கரைசலில் இரும்பு படியப் படிய மீண்டும் மீண்டும் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே ஐவன் ஸ்டூவர்ட்டும் லியோனார்டும் ஃபுளோரிடாவின் லேக் ஆல்ஃபிரட் எலுமிச்சையின ஆய்வு நிலையத்திலிருந்து தோட்டச் சோதனை முடிவை வெளியிட்டனர். அங்கே மண் அமிலத்தன்மையுள்ள மணல். ஆண்டுக்கணக்கில் இட்ட தாமிரம் மண்ணில் சேர்ந்து மரங்களின் இரும்பு ஏற்பைக் கெடுத்திருந்தது. சல்பேட் எடுபடாத மரங்கள் ஈடிடிஏ அணைவை மண்ணில் இட்ட சில வாரங்களில் பச்சை பிடித்தன. களத்தில் கொடுக்கிணைப்பின் வரலாறு இந்த ஆரஞ்சு மரங்களிலிருந்தே தொடங்குகிறது.

பிடியின் வலிமையும் மண்ணின் போட்டியும்

ஃபுளோரிடாவின் வெற்றியைச் சுண்ணாம்பு மண்ணில் திரும்பச் செய்ய முயன்றவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. காரணத்தைக் கணக்கே சொல்லும். ஈடிடிஏவுக்கும் ஃபெரிக் இரும்புக்கும் இடையிலான நிலைப்புத்தன்மை மாறிலியின் மடக்கை 25.1, கால்சியத்துக்கு 10.7. பார்த்தால் இரும்பின் பக்கம் பத்தின் பதினான்காம் அடுக்கு மடங்கு சாய்வு. ஆனால் பிஎச் 8இல் மண்கரைசலில் கட்டற்ற கால்சியம், கட்டற்ற ஃபெரிக் அயனியைவிட ஏறத்தாழ பத்தின் பதினெட்டாம் அடுக்கு மடங்கு மிகுதி. எண்ணிக்கை வலிமையை வென்றுவிடுகிறது. கால்சியம் உள்ளே புக, வெளியேறிய இரும்பு துருவாகப் படிகிறது. ஆகவே இரும்பு ஈடிடிஏ பிஎச் 6.5 வரைக்கும், பிடி சற்றே வலிய டிடிபிஏ அணைவு 7.5ஐ ஒட்டியும்தான் மண்ணில் நம்பத்தக்கவை.

ஃபீனால் தொகுதிகள் கொண்ட ஈடிடிஹெச்ஏ இந்தத் தடையைத் தாண்டியது. இரும்புடனான அதன் மாறிலியின் மடக்கை 35 அளவில் இருக்க, கால்சியத்தின் மீது அதற்கு நாட்டம் மிகக் குறைவு. பிஎச் 9 வரையிலும் இரும்பை விடாது. அடர்சிவப்பாக இருக்கும் இந்த அணைவு ஸ்பெயின், இத்தாலி போன்ற மத்தியதரைக்கடல் நாடுகளின் எலுமிச்சையின மரங்கள், பீச், திராட்சைத் தோட்டங்களில் பரவலாக வழக்கிலிருக்கிறது. வணிகப் பொருளில் ஆர்த்தோ-ஆர்த்தோ, ஆர்த்தோ-பாரா என்ற இரு மாற்றியங்கள் கலந்திருக்கும். முன்னது மண்ணில் நீண்டநாள் நிற்கும். பின்னது வேருக்கு விரைவாக இரும்பைத் தரும், ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். ஆதலால் பையில் எழுதியிருக்கும் மொத்த இரும்பு விழுக்காட்டை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. எந்த மாற்றியம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்.

துத்தநாகத்தின் கதை நேர்மாறானது. லிண்ட்சேயும் நார்வெலும் 1969இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அமில மண்ணில் துத்தநாக ஈடிடிஏவிலிருந்து இரும்பு துத்தநாகத்தைத் தள்ளிவிடுகிறது; நடுநிலையைத் தாண்டிய மண்ணில்தான் அந்த அணைவு நிலைக்கிறது. மாங்கனீசு ஈடிடிஏவை மண்ணில் இடுவது பெரும்பாலும் வீண். மாங்கனீசு கழன்று, அவ்விடத்தில் இரும்பு ஏறிக்கொள்ள, பயிருக்கு இரும்பு கூடி மாங்கனீசுப் பற்றாக்குறை முன்னிலும் கடுமையாவதும் உண்டு. ‘செலேட்’ என்ற ஒரே பெயரில் எல்லா உலோகங்களுக்கும் ஒரே பலனை எதிர்பார்ப்பது தவறு.

வேர் எதை எடுத்துக்கொள்கிறது?

இத்துறையின் ஆய்வுகளில் மிக அழகானவை இந்தக் கேள்வியைச் சுற்றி நடந்தவை. அணைவு முழுமையாக வேருக்குள் நுழைகிறதா, அல்லது உலோகம் மட்டும் பிரிந்து போகிறதா? அமெரிக்காவில் டிஃபினும் பிரவுனும் 1950களின் இறுதியில் சூரியகாந்தியை வைத்துச் சோதித்தனர். வேர் இரும்பை எடுத்துக்கொண்டது; ஈனியின் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கியது. ஆக, வேரின் வாயிலில் ஏதோ ஒன்று பிடியைத் தளர்த்துகிறது.

அது என்ன என்பதை 1972இல் சேனி, பிரவுன், டிஃபின் மூவரும் சோயாமொச்சையில் காட்டினர். ஃபெரஸ் இரும்பை மட்டும் தேடிப் பிடித்துச் சிவப்பு நிறமாகும் பிபிடிஎஸ் என்ற பொறியைக் கரைசலில் வைத்தார்கள். ஃபெரிக் அணைவு மட்டுமே இருந்த கரைசலில் சிவப்பு தோன்றியது. செடிக்குள் போகும் இரும்பு வெகுவாகக் குறைந்தது. வேர் தன் மேற்பரப்பில் ஃபெரிக் இரும்பை ஃபெரஸாக ஒடுக்குகிறது, ஈனிகள் ஃபெரஸ் இரும்பைத் தளர்வாகவே பிடிப்பதால் அது கழன்று உள்ளே போகிறது என்பது உறுதியாயிற்று. ஒடுக்கும் நொதியின் மரபணு அரபிடாப்சிஸ் செடியில் 1999இல் கண்டறியப்பட்டது. மண்ணில் கால்சியத்துக்கு எதிராக இறுகப் பிடிக்க வேண்டும், வேரின் முன் விட்டுக்கொடுக்க வேண்டும்: ஒரு நல்ல கொடுக்கிணைப்புக்கு இவ்விரண்டும் ஒருசேர வேண்டும். மாறிலியின் எண்ணை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் விளைச்சல் உயராது என்பதற்கு இந்தச் சோதனையே அடிப்படை.

புல்லினப் பயிர்கள் வேறு வழி வைத்திருக்கின்றன. ஜப்பானில் தகாகி 1970களில் ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய நீரில் இரும்பைக் கரைக்கும் பொருள் இருப்பதைக் கண்டார். பார்லி வேரிலிருந்து பிரித்த முஜினிக் அமிலத்தின் அமைப்பு 1978இல் வெளியானது. இவை செடி தானே செய்து மண்ணில் விடும் கொடுக்கிணைப்பு ஈனிகள். இவை ஃபெரிக் இரும்பைப் பற்றியபின், அணைவு முழுதாகவே வேருக்குள் ஏற்கப்படுகிறது. அந்த ஏற்பியின் மரபணு, மஞ்சள் கோடு விழும் மக்காச்சோளத் திரிபிலிருந்து 2001இல் பிரித்தெடுக்கப்பட்டது. இருவித்திலைகளின் வழியை முதல் உத்தி என்றும் புற்களின் வழியை இரண்டாம் உத்தி என்றும் ரோம்ஹெல்டும் மார்ஷ்னரும் 1986இல் பெயரிட்டனர்.

நெல் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. நீர் கட்டிய வயலில் ஃபெரிக் இரும்பு தானே ஃபெரஸாகிக் கரைவதால், நெல் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளும் திறனும் பெற்றது. ஆனால் பார்லியை ஒப்பிட்டால் அது சுரக்கும் ஈனி மிகக் குறைவு. சேற்றில் செழிக்கும் நெல், மானாவாரிப் புழுதி விதைப்பிலும் மேட்டு நாற்றங்காலிலும் வெளுப்பது இதனால்தான். இந்த இயற்கை ஈனியையே உரமாக்கும் முயற்சியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021இல் பிடிஎம்ஏ என்ற சேர்மத்தை அறிமுகம் செய்தனர். செய்யக் கடினமான நாற்கோண வளையத்துக்குப் பதிலாக விலை குறைந்த புரோலினை வைத்ததே அதன் நுட்பம். சுண்ணாம்பு மண்ணில் நெல் வெளுப்பை அது மாற்றிக் காட்டியது.

அளக்கும் முறைகள்

மண்ணில் எவ்வளவு உலோகம் கிடைக்கும் என்று அளப்பதற்கும் கொடுக்கிணைப்பே கருவி. லிண்ட்சேயும் நார்வெலும் 1978இல் வெளியிட்ட டிடிபிஏ முறை இன்று இந்தியாவின் மண் பரிசோதனை நிலையங்கள் பலவற்றில் நடைமுறை. பத்து கிராம் மண்ணை 20 மில்லிலிட்டர் கரைசலுடன் இரண்டு மணி நேரம் குலுக்குவார்கள். கரைசலின் பிஎச் 7.3இல் நிறுத்தப்பட்டு, கால்சியம் குளோரைடும் சேர்க்கப்பட்டிருக்கும். சுண்ணாம்பு கரைந்து அதனுள் சிக்கிய உலோகம் வெளிவந்து முடிவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அவர்கள் வகுத்த எல்லைகள்: துத்தநாகம் கிலோவுக்கு 0.8 மில்லிகிராம், இரும்பு 4.5, மாங்கனீசு 1.0, தாமிரம் 0.2. இவற்றை அப்படியே எல்லா மண்ணுக்கும் பொருத்த முடியாது. அந்தந்த வட்டாரப் பயிர்ச்சோதனையைக் கொண்டு திருத்திக்கொள்ள வேண்டும்.

இலைப் பகுப்பாய்வில் ஒரு விந்தை உண்டு. வெளுத்த இலையின் மொத்த இரும்பு சில வேளைகளில் பச்சை இலைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். அதனால் மொத்த இரும்பை அளந்தால் நோயை அறிய முடியாது. கத்யாலும் சர்மாவும் 1980இல் பரிந்துரைத்த முறையில், ஃபெரஸ் இரும்போடு ஆரஞ்சுச் சிவப்பாகும் ஃபினாந்த்ரோலின் கரைசலில் புதிய இலையை ஊறவைத்து ‘செயல்படும் இரும்பு’ அளக்கப்படுகிறது. வெளுப்போடு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஹால்வர்சனும் லிண்ட்சேயும் 1977இல் மக்காச்சோளத்தில் செய்த ஆய்வு, ஈனியைக் கூட்டிக் குறைத்துக் கரைசலில் கட்டற்ற துத்தநாக அயனியை மிகமிக நுண்ணிய அளவில் நிலைநிறுத்தியது. செடி கட்டற்ற அயனிக்கே செவிசாய்த்தது; அணைவாகக் கட்டுண்ட துத்தநாகம் நேரடியாகப் பயன்படவில்லை.

ஈனியே கரைசலின் அயனி அளவை மாற்றுவதால், களச் சோதனைக்கு ஒரு கண்டிப்பான விதி கிடைக்கிறது. உலோகமில்லா வெறும் ஈனியை இட்ட பாத்தி ஒன்று கட்டாயம் வேண்டும். ஏனெனில் ஈனி மண்ணிலிருந்தே உலோகத்தைக் கரைத்தெடுக்கும். ஒப்பிடும் சல்பேட்டில் அதே அளவு உலோகமும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத சோதனையில் விளைச்சல் கூடினாலும், கூடியது எதனால் என்று சொல்ல இயலாது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இமயமலையடிவாரத் தராய் பகுதியில் நெல்லைத் தாக்கிய ‘கைரா’ நோய் துத்தநாகக் குறைவே என்பதை பந்த்நகரில் நேனே 1966இல் நிறுவினார். ஐந்து கிலோ துத்தநாக சல்பேட்டை இரண்டரைக் கிலோ நீற்றுச் சுண்ணாம்போடு கலந்து தெளிப்பது அதன் தீர்வாயிற்று. அணைவு உரங்களுக்கும் தர வரம்பு உண்டு: 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி துத்தநாக ஈடிடிஏவிலும் இரும்பு ஈடிடிஏவிலும் உலோகம் குறைந்தது 12 விழுக்காடு இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் அடியுரமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பெரும்பாலான நன்செய் வயல்களுக்கு அதுவே போதும். விலைகூடிய அணைவு தேவையில்லை. சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலையும் கரும்பும் வெளுக்கும்போது அன்னபேதிக் கரைசலைச் சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்துத் தெளிக்கிறார்கள். சிட்ரேட்டும் ஓர் ஈனியே. இரும்பு தொட்டியிலேயே துருவாகாமல் காக்கிறது. இலைக்கு இலை இரும்பு எளிதில் இடம்பெயராது என்பதால் புதுத் தளிர் வரும்போதெல்லாம் தெளிப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். சல்பேட்டைத் தொழுவுரத்தோடு கலந்து ஊறவைத்து இடுவதும் கொடுக்கிணைப்பே: மட்கின் கரிம அமிலங்கள் உலோகத்தைப் பற்றிக்கொள்கின்றன. பிடி தளர்வுதான், ஆனால் மானாவாரி உழவர் கையில் அது செலவில்லாத வேதியியல்.

சூழல் சார்ந்த வரம்புகள்

ஈடிடிஏ மண்ணிலும் நீரிலும் மெல்லவே சிதைகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் புதைத்த கதிரியக்கக் கழிவிலிருந்து கோபால்ட்-60 நகர்ந்து வெளியேற ஈடிடிஏ துணைபோனதை 1978இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈயம் படிந்த நிலத்தைக் கடுகுச் செடியால் துப்புரவாக்க 1990களில் ஈடிடிஏவைப் பயன்படுத்தியபோதும் இதே அச்சம் எழுந்தது: செடிக்குப் போனது போக எஞ்சிய ஈயம் நிலத்தடி நீரை நோக்கி இறங்கக்கூடும்.

ஒளியும் ஒரு வரம்பு. இரும்பு ஈடிடிஏ வெளிச்சத்தில் சிதைந்து ஃபார்மால்டிஹைடை வெளியிடும். வளர்ப்பூடகத்தில் இது வேர் வளர்ச்சியைத் தடுப்பதும் அறியப்பட்டுள்ளது. ஆகவே இரும்புக் கரைசலை இருண்ட கலத்தில் வைப்பது ஆய்வகத்திலும் மண்ணில்லாச் சாகுபடியிலும் வழக்கம்.

நுண்ணுயிர்களால் விரைவாகச் சிதையக்கூடிய ஈடிடிஎஸ், ஐடிஹெச்ஏ ஆகியவை மாற்றாக முன்வைக்கப்படுகின்றன. இவற்றில் ஈடிடிஎஸ் 1984இல் ஒரு மண்ணுயிரியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. இரும்புடனான அதன் மாறிலியின் மடக்கை 22 அளவுதான். ஐடிஹெச்ஏவினுடையது அதனினும் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் ஈடிடிஏ தோற்ற இடத்தில் இவை ஜெயிக்க இயலாது. இலைத் தெளிப்பிலும் மண்ணில்லாச் சாகுபடியிலும் கால்சியத்தின் போட்டி குறைவு, உலோகம் நீண்டநாள் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இவை பயன்படுவது பெரிதும் அங்கேதான்.