ஆடற்கலையும் ஆன்ற மதிப்பும்

நாங்குநேரி வட்டத்தில் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள திருக்குறுங்குடி, நம் வாசகர் பலரும் அறிந்த ஊர். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் அவ்வூர்க் கோயிலில் கைசிக நாடகம் நடைபெறும். கொடுத்த வாக்கைக் காப்பதற்காகத் தன் உயிரையே ஒப்படைக்கத் திரும்பி வந்த நம்பாடுவான் என்னும் எளிய பக்தனின் கதை அது. தலைமுறை தலைமுறையாக இந்நாடகத்தை ஆடி வந்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். இடைக்காலத்தில் நலிந்து போன இந்நாடகம் 1999-ஆம் ஆண்டு பழைய முறைப்படி மீட்டெடுக்கப்பட்டது. ஆனால் அதை முன்னர் ஆடிய பெண்களுள் எத்தனை பேருடைய பெயர் இன்று நமக்குத் தெரியும்? ஆட்டத்தைப் போற்றிய சமுதாயம் ஆடியவளைப் போற்றத் தவறிவிட்டது.

இந்த வரலாற்றுப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான், தமிழகத்திலிருந்து சென்று இந்தித் திரையுலகின் முதல்நிலை நடிகையாகத் திகழ்ந்த வைஜயந்திமாலாவின் வாழ்க்கை பொருளுடையதாகிறது.

அவர் 1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13 அன்று சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தார். தந்தை எம்.டி. இராமன், தாய் வசுந்தரா தேவி. ஜெமினி நிறுவனத்தின் ‘மங்கம்மா சபதம்’ (1943) படத்தில் கதாநாயகியாக நடித்துப் புகழ்பெற்றவர் அந்தத் தாய். எனினும் குழந்தையை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பைப் பெரிதும் ஏற்றவர் பாட்டி யதுகிரி தேவியே ஆவார். பிரசன்டேஷன் சபைக் கன்னியர் நடத்தும் சர்ச் பார்க் பள்ளியில் வைஜயந்திமாலா கல்வி பயின்றார். வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதமும், மணக்கால் சிவராஜ ஐயரிடம் கருநாடக இசையும் கற்றார்.

கத்தோலிக்க வாசகர்கள் சிறப்பாக நினைவுகொள்ளத்தக்க ஒரு நிகழ்ச்சி அவருடைய குழந்தைப் பருவத்தில் நிகழ்ந்தது. பத்து வயதைக்கூட எட்டாத அச்சிறுமி, தம் குடும்பத்தாருடன் ஐரோப்பா சென்றிருந்தபோது, வத்திக்கான் நகரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரின் முன்னிலையில் நாட்டியம் ஆடினார். தாய் வசுந்தரா தேவியும் பார்வையாளருள் ஒருவராக இருந்தார். அதே காலத்தில் நம் ஊர்களில் ‘சதிர்’ என்று சொன்னாலே முகஞ்சுளிப்போர் பலர் இருந்தனர் என்பதை இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். தன் வீட்டு முற்றத்தில் ஐயத்துடன் பார்க்கப்பட்ட கலை, திருப்பீடத்தில் மதிப்புடன் வரவேற்கப்பட்டது.

அந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தின் பேரால் பெண்கள் இழிவுக்கு உள்ளாக்கப்பட்டனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடும் போராட்டத்தின் பயனாக, 1947-இல் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதே காலப்பகுதியில் ஈ. கிருஷ்ண ஐயர், ருக்மிணி தேவி போன்றோரின் முயற்சியால் சதிர் ‘பரதநாட்டியம்’ என்னும் பெயரோடு சபா மேடைகளில் ஏறியது. கலை பிழைத்தது. அதைக் காத்து வந்த குடும்பங்களுள் பல வறுமையிலும் மறதியிலும் ஆழ்ந்தன. உயர்குடியில் பிறந்த சிறுமி ஆடியபோது கிடைத்த கைதட்டல், திருக்குறுங்குடியில் ஆடிய பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. வைஜயந்திமாலாவின் வெற்றியைப் பாராட்டும்போது இந்த வேறுபாட்டை மறப்பது நேர்மையாகாது.

சென்னைக் கோகலே மண்டபத்தில் அவர் ஆடியதைக் கண்ட இயக்குநர் எம்.வி. இராமன், அவரைத் திரைப்படத்தில் நடிக்க அழைத்தார். படிப்பும் நாட்டியமும் கெட்டுவிடுமே என்று பாட்டி முதலில் தயங்கினார். இறுதியில் இசைவு கிடைத்தது. ஏ.வி.எம். நிறுவனத்தின் ‘வாழ்க்கை’ 1949-இல் வெளிவந்தது. அதுவே 1951-இல் ‘பஹார்’ என்று இந்தியில் எடுக்கப்பட்டபோது, பிறர் குரலை இரவல் வாங்காமல் தாமே பேச விரும்பி, இந்தி பிரச்சார சபையில் அம்மொழியைக் கற்றார். 1954-இல் வந்த ‘நாகின்’ அவரை வடநாடு முழுவதும் அறிமுகப்படுத்தியது.

அடுத்த ஆண்டில் பிமல் ராயின் ‘தேவதாஸ்’ வெளிவந்தது. அதில் பார்வதியாக நடித்தவர் சுசித்ரா சென். சந்திரமுகி என்னும் கணிகையாக நடித்தவர் வைஜயந்திமாலா. அந்த நடிப்புக்காகச் சிறந்த துணை நடிகைக்குரிய பிலிம்பேர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதை அவர் ஏற்க மறுத்துவிட்டார். சந்திரமுகி பார்வதிக்கு இணையான பாத்திரம். துணைப் பாத்திரம் அன்று என்பதே அவர் கூறிய காரணம். அப்போது அவருக்கு வயது இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இதனைச் செருக்கு என்று கொள்வாரும் உளர். சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். குலமகள் ஒருத்தி கதைக்குத் தலைவியாகலாம். கணிகை ஒருத்தி துணையாக மட்டுமே இருக்கலாம் என்பது சமுதாயத்தின் எழுதப்படாத விதி. ஆயினும் அக்கதையில் தன்னை முற்றிலும் மாற்றிக்கொண்டு, கைம்மாறு கருதாது அன்பு செலுத்துபவள் சந்திரமுகியே. அவளை இரண்டாம் வரிசையில் நிறுத்த அவளாக நடித்தவர் உடன்படவில்லை. அதன் பின் 1958-இல் பி.ஆர். சோப்ராவின் ‘சாதனா’வில் விலைமகள் ஒருத்தி இல்லற வாழ்வுக்கு ஏங்கும் கதையில் நடித்து, சிறந்த நடிகைக்கான விருதையே பெற்றார். கணிகைப் பாத்திரம் இப்போது முதல் வரிசையில் அமர்ந்தது. தொடர்ந்து ‘கங்கா ஜமுனா’ (1961), ‘சங்கம்’ (1964) ஆகிய படங்களுக்கும் அவ்விருது கிடைத்தது. ‘கங்கா ஜமுனா’வுக்காக வடநாட்டுச் சிற்றூர் மக்களின் வட்டார வழக்கையும் அவர் பயின்று பேசினார்.

‘சங்கம்’ வெளிவந்த மறு ஆண்டுதான் தமிழகத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் கிளர்ச்சி மூண்டது. திணிக்கப்படும் மொழியை எதிர்த்த தமிழகம், தானாக விரும்பிக் கற்ற தமிழ்ப்பெண்ணை வெறுக்கவில்லை. ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தில் பத்மினியோடு அவர் ஆடிய போட்டி நடனத்தைத் தமிழர் இன்றும் மறந்திலர். ‘இரும்புத்திரை’ (1960), ‘தேன் நிலவு’ (1961) ஆகியனவும் அவருடைய தமிழ்ப் படங்களே.

புகழுக்கு விலையும் உண்டு. உடன் நடித்தவர்களோடு இணைத்து வதந்திகள் எழுதப்பட்டன. 2007-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவற்றை அவர் மறுத்துள்ளார். 1968-இல் மருத்துவர் சமன்லால் பாலியை மணந்தார். அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1970-இல் வெளியான ‘கன்வார்’ அவருடைய கடைசிப் படம். முப்பத்தேழு வயதில், வாய்ப்புகள் வற்றிவிடாத நிலையில், திரையைத் துறந்தார், நாட்டியத்தைத் துறக்கவில்லை. தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் மாணவியாக அமர்ந்து பழைய உருப்படிகளைக் கற்றார். 1982-இல் சங்கீத நாடக அகாதெமி விருது பரதநாட்டியத்துக்காகவே அவருக்கு அளிக்கப்பட்டது. 1986-இல் கணவர் மறைந்தார். ஒரே மகன் சுசீந்திர பாலி.

அரசியலும் அவரை அழைத்தது. 1984-இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் போட்டியிட்டு, நாடாளுமன்ற மரபில் ஊறிய இரா. செழியனை வென்றார். 1989-இல் அதே தொகுதியில் அவரை எதிர்த்தவர் நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஆலடி அருணா. அம்முறையும் வெற்றி அவருக்கே. 1993 முதல் 1999 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 1999-இல் காங்கிரசிலிருந்து விலகிப் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். அவருடைய அரசியல் முடிவுகளைக் குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஆடற்பெண் என்பதற்காக எவரும் அவரை அவைக்குப் புறம்பே நிறுத்த முடியவில்லை என்பதே வரலாற்றில் குறிக்கத்தக்கது.

2024-இல் பத்மவிபூஷண் விருது அவருக்கு அளிக்கப்பட்டபோது அவருக்கு வயது தொண்ணூறு. அவ்வாண்டிலும் மேடையில் ஆடினார்.

இவ்வாழ்க்கையிலிருந்து நாம் எதைக் கற்கிறோம்? மதிப்பு என்பது பிறர் தூக்கிப் போடும் பரிசன்று. தகாத இடத்தில் வைத்துத் தரப்படும் பரிசை மறுக்கும் துணிவும் மதிப்பே. ஆயினும் அத்துணிவுக்கும் ஓர் ஆதரவு தேவைப்படுகிறது. கல்வியும், காத்து நின்ற பாட்டியும், குடும்பத்தின் செல்வாக்கும் வைஜயந்திமாலாவுக்கு இருந்தன. அவை எதுவுமின்றித் திருக்குறுங்குடியில் விடிய விடிய ஆடிய பெண்களுக்கு மறுக்கும் உரிமையும் இல்லை. பெறுவதற்கு விருதும் இல்லை. நம் பங்கு விழாக்களில் கூத்தாடியும் பாடியும் நம்மை மகிழ்விக்கும் கலைஞர்கள் விடிந்ததும் எங்கே உண்டார்கள், எங்கே உறங்கினார்கள் என்று நாம் கேட்டதுண்டா? திரையில் சந்திரமுகிக்காகக் கண்ணீர் விடுவது எளிது. நம் தெருவில் வாழும் கலைஞருக்கு உட்கார ஓர் இருக்கை தருவதில்தான் அக்கண்ணீரின் உண்மை விளங்கும்.