தசை இறுக்கமும் தீராத கீழ்முதுகு வலியும்

கீழ்முதுகு வலி என்பது விலா எலும்புகளின் கீழ் விளிம்பிற்கும் புட்டத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் ஏற்படும் வலியாகும். தமிழில் இது பேச்சுவழக்கில் இடுப்பு வலி, இடுப்புப் பிடிப்பு என்று குறிப்பிடப்படுகிறது. "முதுகு பிடித்துக்கொண்டது" என்று சொல்பவர் தசையின் இறுக்கத்தையே சொல்கிறார். எனினும் நவீன மருத்துவம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்வலியின் காரணத்தைத் தசையில் தேடாமல் எலும்பிலும் வட்டிலுமே தேடியது.

தொடக்ககாலக் கருத்துகள்

1843இல் செருமானிய மருத்துவர் ராபர்ட் ஃபுரோரீப், வலியுள்ள தசைகளில் தொட்டால் தென்படும் கெட்டியான இடங்களை விவரித்தார். 1904இல் ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்சு, இடுப்பு வலிக்குத் தசைநார் இழையங்களின் அழற்சியே காரணம் எனக் கருதி, அதற்கு 'ஃபைப்ரோசைட்டிசு' என்று பெயரிட்டார். அவ்வாறான அழற்சி பின்னர் உறுதிப்படவில்லை. 1938இல் இங்கிலாந்தில் கெல்கிரென் என்பவர் தசைகளுக்குள் உப்புக் கரைசலை ஊசி மூலம் செலுத்தி, தசையில் தோன்றும் வலி தொலைவிலுள்ள வேறு இடத்திலும் உணரப்படும் என்பதைக் காட்டினார்.

வட்டுக் கோட்பாடு

1934இல் பாசுடன் நகர மருத்துவர்களான வில்லியம் மிக்சுடர், சோசப்பு பார் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் போக்கை மாற்றியது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்குப் பரவும் வலி ஏற்படுகிறது என்பதையும், அறுவை மூலம் அதை நீக்கலாம் என்பதையும் அவர்கள் நிறுவினர். அவர்களின் கண்டுபிடிப்பு சரியானதே. ஆனால் நரம்பு அழுத்தம் இல்லாத சாதாரண முதுகுவலிக்கும் வட்டே காரணம் என்ற எண்ணம் பின்னர் பரவியது. அறுவைச் சிகிச்சைகளும் பெருகின.

கென்னடியின் முதுகு

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சான் எஃப். கென்னடியின் மருத்துவ வரலாறு இக்காலகட்டத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1944க்கும் 1957க்கும் இடையில் அவருக்கு முதுகில் நான்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. 1954இல் உலோகத் தகடு பொருத்திச் செய்த அறுவைக்குப் பின் தொற்று ஏற்பட்டு அவர் உயிருக்குப் போராடினார். அடுத்த ஆண்டு அத்தகடு அகற்றப்பட்டது. வலி மட்டும் நீங்கவில்லை.

1955 முதல் சேனட் டிராவல் என்ற மருத்துவர் அவருடைய தசைகளில் மரப்பு மருந்தை ஊசியாகச் செலுத்திவந்தார். தசைகளிலுள்ள 'தூண்டு புள்ளிகள்' பற்றிய ஆய்வுக்காக அறியப்பட்ட இவர், 1961இல் குடியரசுத் தலைவரின் மருத்துவரானார். அதே ஆண்டு மே மாதம் கனடாவின் ஒட்டாவாவில் மரக்கன்று நடும்போது கென்னடியின் முதுகு மீண்டும் பாதிக்கப்பட்டது. அக்டோபரில் ஆன்சு கிராவுசு அழைக்கப்பட்டார்.

1905இல் பிறந்த கிராவுசு, வியன்னாவில் மருத்துவராக இருந்து 1938இல் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தவர். தேர்ந்த மலையேற்ற வீரர். முதுகுவலியாளர் பலரிடம் எலும்புக் குறைபாட்டைவிடத் தசைப் பலவீனமும் இறுக்கமுமே மேலோங்கியிருப்பதை அவர் கண்டார். சோனியா வெபருடன் இணைந்து ஆறு எளிய தசைச் சோதனைகளையும் வகுத்தார். 1954இல் வெளியான முடிவுகளின்படி அமெரிக்கச் சிறுவர்களில் 57.9 விழுக்காட்டினரும் ஐரோப்பியச் சிறுவர்களில் 8.7 விழுக்காட்டினரும் இச்சோதனைகளில் தோற்றனர். 1956இல் அமெரிக்க அரசு இளையோர் உடற்தகுதிக் குழுவை அமைக்க இம்முடிவுகள் தூண்டுதலாயின.

கிராவுசு கென்னடிக்கு ஊசிகளுக்கு மாறாகத் தசைகளைத் தளர்த்தி வலுப்படுத்தும் பயிற்சிகளை அளித்தார். சில மாதங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. நாற்காலியிலேயே கழியும் வாழ்க்கையும் வெளிக்காட்ட முடியாத மன அழுத்தமும் தசைகளை இறுக்குகின்றன என்பது கிராவுசின் கருத்து.

அளவீடும் படமும்

1950களில் இங்கிலாந்தின் ஃபிளாய்டு, சில்வர் ஆகியோர் முதுகுத் தசைகளின் மின்செயல்பாட்டை அளந்தனர். நலமான ஒருவர் முழுமையாகக் குனியும்போது முதுகை நிமிர்த்தும் தசைகள் ஓய்வு கொள்கின்றன. நாட்பட்ட வலியுள்ள பலரிடம் இந்த ஓய்வு ஏற்படுவதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. வலிக்குமோ என்ற அச்சத்தில் தசை இறுகுகிறது. இறுக்கத்தால் வலி நீடிக்கிறது. வலியால் அசைவு குறைந்து தசை மேலும் பலவீனமாகிறது.

1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படமெடுத்த ஓர் ஆய்வில், 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தன. படத்தில் தெரியும் வட்டுப் பிதுக்கம்தான் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவு செய்ய இயலாது என்பது இதனால் தெளிவாயிற்று.

சார்னோவும் பிற்காலமும்

நியூயார்க் மருத்துவர் சான் சார்னோ (1923–2017), அடக்கிவைத்த உணர்ச்சிகள் தசைகளுக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைத்து வலியை உண்டாக்குகின்றன என்றார். 1991இல் வெளியான அவருடைய நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. ஆயினும் அவர் கூறிய குருதியோட்ட விளக்கம் நிரூபிக்கப்படவில்லை. மனநிலை, அச்சம், உறக்கமின்மை ஆகியவை வலி நீடிப்பதில் பங்கு வகிக்கின்றன என்பது மட்டும் இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

இன்றைய நிலை

தசை இறுக்கம் சிலருக்கு வலியின் காரணமாகவும் சிலருக்கு அதன் விளைவாகவும் இருக்கிறது; இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. நாட்பட்ட வலிக்கு நீண்ட படுக்கை ஓய்வைவிட இயக்கமும் உடற்பயிற்சியுமே இன்று பரிந்துரைக்கப்படுகின்றன. அதே வேளையில் எல்லா முதுகுவலியும் தசைவலி அன்று. கால் வலுவிழத்தல், சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு இழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, முன்னர் புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுடன் சேர்ந்து முதுகுவலி வந்தால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.