வால்வா, டிரான்சிஸ்டரா?

பேஸ் கிடார் வாசிக்கிறவங்க மத்தியில இது தீராத சண்டை. 1969-ல வந்த ஆம்பெக் எஸ்.வி.டி.யில 14 வால்வு, 300 வாட்; தூக்க ரெண்டு ஆளு வேணும். இன்னிக்கும் அதைத் தேடி அலையறாங்க.

மதுரைப் பக்கம் மைக் செட்காரங்களுக்கு இந்த வழக்கு எப்பவோ முடிஞ்சுபோச்சு. முதல்ல தீர்ப்பு சொன்னது காது இல்லீங்க, பேட்டரி! வால்வுக்குச் சில நூறு வோல்ட் வேணும், இழை சூடேறவும் காத்திருக்கணும். டிரான்சிஸ்டருக்கு 12 வோல்ட் கார் பேட்டரி போதும். தேர்தல் ஜீப், முளைப்பாரி ஊர்வலம்னு கிளம்பிடலாம்.

சத்தம்? அளவுக்கு மீறி ஏத்தினா வால்வு மெல்ல நசுக்கும், டிரான்சிஸ்டர் சட்டுனு வெட்டிக் கரகரக்கும். வால்வு இனிமைன்னு சொல்றது பொய்யில்லை. ஆனா புளியமரத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கர்ல அதுல எவ்வளவு மிஞ்சும்? 200-300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய் திணறும். பேஸ் கிடாரோட அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ்!

இதுல ஒரு வேடிக்கை. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அப்போ மதுரை மாவட்டம். 1976-ல 'அன்னக்கிளி' வந்தது. அதுக்கப்புறம் அவர் பாட்டுகள்ல பேஸ் கிடார் தனியாவே ஒரு கதை சொல்லும். சொந்த மாவட்டத்துக் கோயில் திருவிழாக்கள்ல குழாய்ல கேட்டவங்களுக்கு அந்தக் கதையில பாதி விழவே இல்லை.

பேஸ் ஊருக்குள்ள வந்தது பாக்ஸ் ஸ்பீக்கரோடதான். அதுக்கு வாட் நூத்துக்கணக்குல வேணும். அத்தனையையும் வால்வுல எடுக்க எந்த மைக் செட்காரருக்குக் கட்டுப்படியாகும்?