உள்வாசலும் வெளிவாசலும்: கலைக்கூட ஆட்சிக்குழுவின் பொறுப்பும் ஸ்ரீபுரந்தான் நடராசரும்

2008 பிப்ரவரியில் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சோழர்கால நடராசர் திருமேனி ஒன்றைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ என்ற கலைப்பொருள் நிலையத்தை நடத்திவந்த சுபாஷ் கபூர். 2014 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் அதே திருமேனியை டெல்லியில் நரேந்திர மோதியிடம் ஒப்படைத்தார். அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலுக்கு உரியது. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளின் கதையைத் திருடர், தரகர், காவல்துறை என்ற வரிசையில் பலர் எழுதிவிட்டார்கள். இக்கட்டுரை அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஓர் அறைக்குள் நுழைய முயல்கிறது. அது ஆட்சிக்குழு கூடும் அறை.

ஒரு கலைக்கூடத்தின் சேகரிப்பைக் காப்பாட்சியர்கள் பராமரிக்கிறார்கள், இயக்குநர் நிர்வகிக்கிறார். எதை உள்ளே சேர்ப்பது, எந்தக் கொடையை ஏற்பது, எதைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது என்று முடிவாகத் தீர்மானிக்கும் அதிகாரமும் அதற்கான பொறுப்பும் ஆட்சிக்குழுவினுடையவை. தமிழில் இவர்களை அறங்காவலர் என்கிறோம். கோயில் சொத்தைக் காப்பவருக்கும் இதே சொல்தான். சொல் ஒன்றாயிருப்பது தற்செயல் அன்று. இரண்டிடத்திலும் காப்பவர் உடைமையாளர் அல்லர், இன்னொருவருக்காக வைத்திருப்பவர். தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம், கோயில் நிலத்தை விற்க அறங்காவலருக்குத் தன்னிச்சையான உரிமை தரவில்லை. ஆணையரின் முன் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது என்கிறது அதன் 34-ஆம் பிரிவு. காப்பவரின் கை சொத்தை வெளியேற்றுவதற்கு எளிதில் நீளக்கூடாது என்பதே அதன் உட்கருத்து.

மேலைநாட்டுக் கலைக்கூட நெறிகளும் இதே அச்சத்திலிருந்து பிறந்தவை. 1972-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், அடிலெய்ட் மில்டன் டி குரூட் உயில்வழி விட்டுச்சென்ற ஓவியங்களில் சிலவற்றைச் சந்தடியின்றி விற்றது. வான் கோவின் ஒன்றும் ரூசோவின் ஒன்றும் அவற்றில் அடக்கம். செய்தி வெளியானதும் மாநில அட்டர்னி ஜெனரல் லூயிஸ் லெஃப்கோவிட்ஸ் விசாரணை தொடங்கினார். அருங்காட்சியகம் தன் விற்பனை நடைமுறையை எழுத்தில் வகுத்து வெளியிட வேண்டியதாயிற்று. அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் வகுத்த நெறி இன்னும் கடுமையாக இருந்தது: நீக்கிய பொருளை விற்ற பணம் புதிய கலைப்பொருள் வாங்கவே பயன்பட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், அது சற்றுத் தளர்த்தப்பட்டது. 2022-இல் சேகரிப்பின் நேரடிப் பராமரிப்புக்கும் அந்தப் பணத்தைச் செலவிடலாம் என்று நிலையாக மாற்றப்பட்டது. மாசசூசெட்ஸின் பெர்க்‌ஷயர் அருங்காட்சியகம் நார்மன் ராக்வெல் ஓவியங்கள் உள்ளிட்டவற்றை விற்று நிதி திரட்ட முனைந்தபோது, 2018-இல் நீதிமன்றம் அனுமதித்தும் அந்தச் சங்கம் தண்டித்தது.

இந்த நெறிகள் தேவையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இவை அனைத்தும் வெளிவாசலைக் காப்பவை. பணத்தட்டுப்பாடு வரும்போது குழு பொருளைச் சந்தைக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதே இவற்றின் கவலை. திருடி வந்த பொருளைத் திருப்பித் தருவது வேறு செயல். அதையும் இதே வாசலில் நிறுத்தி, இதே கேள்விகளைக் கேட்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

அந்தக் குழப்பத்தின் முதிர்ந்த வடிவம் லண்டனில் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியம் சட்டம், வேறொரு பொருளின் இரட்டைப் படியாக இருப்பது, சேகரிப்பில் வைத்திருக்கத் தகுதியற்றுப்போவது போன்ற மிகக் குறுகிய காரணங்களுக்காக மட்டுமே பொருளை விலக்க அறங்காவலரை அனுமதிக்கிறது. நாஜிகள் ஒரு யூதக் குடும்பத்திடமிருந்து பறித்த நான்கு சித்திரங்களைத் திருப்பித் தர அந்த அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களே விரும்பினார்கள். 2005-இல் நீதிமன்றம், தார்மிகக் கடமை எவ்வளவு வலுவானதாயினும் சட்டத்தின் தடையை அது மீறாது என்று தீர்ப்பளித்தது. நாஜிகளின் கொள்ளை தொடர்பான பொருள்களுக்கு மட்டும் 2009-இல் தனிச்சட்டம் இயற்றி நாடாளுமன்றம் வழி திறந்தது. மற்ற கொள்ளைகளுக்கு அத்தகைய வழி இல்லை.

அந்தத் தீர்ப்பைச் சட்ட அளவில் குறைகூற இயலாது. ஆனால் அதன் அடியில் ஓர் அனுமானம் கிடக்கிறது: பதிவேட்டில் ஏறியது எதுவும் சேகரிப்பின் முழு உறுப்பு, அதை எடுப்பது சேகரிப்பைக் குறைப்பது. உரிமையே கைமாறாத பொருளுக்கு இந்த அனுமானம் எப்படிப் பொருந்தும்? திருடியவருக்கு இல்லாத உரிமையை அவரிடம் வாங்கியவர் பெற முடியாது என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி. 1976-இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிவந்த நடராசரின் வழக்கு 1991-இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தபோது, ஒரு கனடா நிறுவனம் பணம் கொடுத்து வாங்கியிருந்தும் பாழடைந்திருந்த கோயிலின் உரிமையே வென்றது. கோயிலை வழக்காடத் தகுதியுள்ள சட்ட ஆளாக அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தத் திருமேனியைப் பாதுகாப்பாளரிடமிருந்து லண்டன் காவல்துறை கைப்பற்றியது எந்த அருங்காட்சியகத்தின் பதிவேட்டிலும் அது ஏறுவதற்கு முன். ஏறியிருந்தால் உரிமை மாறியிருக்கப் போவதில்லை. திருப்பித் தரும் நடைமுறைதான் பல மடங்கு சிக்கலாகியிருக்கும். பேரேட்டில் எழுதிக்கொண்டதால் கடன் வாங்கிய பாத்திரம் நம்முடையதாகிவிடாது.

ஆகவே திருப்பித் தருவதைப் பதிவு நீக்கத்தின் ஒரு வகையாகப் பார்ப்பது கருத்தளவிலேயே பிழை. பதிவு நீக்கத்தில் குழு தன் காவலில் நியாயமாக வந்ததைப் பற்றி முடிவெடுக்கிறது. திருப்பித் தரும்போது, அது தன் காவலுக்கு நியாயமாக வந்ததே இல்லை என்று ஒப்புக்கொள்கிறது.

இப்போது உள்வாசலுக்கு வருவோம். என் வாதத்தின் கனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஸ்ரீபுரந்தான் நடராசருக்குக் கபூர் காட்டிய உடைமை வரலாறு எளிமையானது. 1968 முதல் 1971 வரை டெல்லியில் பணிபுரிந்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970-ஐ ஒட்டி அதை வாங்கி நாட்டுக்கு வெளியே கொண்டுசென்றார், பின்னர் அந்த அதிகாரியின் குடும்பத்திடமிருந்து தான் வாங்கியதாகக் கபூர் சொன்னார். எல்லாம் பொய். ஆனால் பொய்யிலுள்ள ஆண்டைக் கவனியுங்கள். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் உருவானது. அதற்குமுன் பொருள் தாய்நாட்டைவிட்டு வெளியேறியிருந்தால் பெரும்பாலான கலைக்கூடங்களின் கொள்கைக்கு அது போதும். இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டமோ 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. கலைக்கூடங்கள் எந்த ஆண்டைக் கோடாகக் கிழித்தனவோ, கள்ளப் பத்திரம் அந்தக் கோட்டின் அருகிலேயே எழுதப்பட்டது.

குழு அந்தப் பொய்யை முழுவதும் நம்பியிருந்தாலும் வாங்கியிருக்கக் கூடாது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. இந்தியாவில் 1947-லேயே தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. உரிமம் இல்லாமல் நூறாண்டு பழமையுள்ள பொருளை நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல அது தடைவிதித்தது. 1970-இலோ 1971-இலோ ஒரு சோழர் திருமேனி சட்டப்படி வெளியேறியிருந்தால் ஓர் ஏற்றுமதி உரிமம் இருந்தாக வேண்டும். ‘அந்த உரிமம் எங்கே?’ என்ற ஒரே கேள்வியைத் தாங்கியிருக்கும் வலு கபூரின் கதைக்கு இல்லை.

கேட்கப்பட்ட கேள்வி வேறு: இது திருடுபோனதாக எங்காவது பதிவாகியிருக்கிறதா? தொலைந்த கலைப்பொருள்களின் பதிவேட்டில் இல்லை. இருக்கவும் முடியாது. வழிபாடு அருகிப்போய்ப் பூட்டிக்கிடந்த அந்தக் கோயிலில் திருட்டு நடந்திருப்பதே, கலைக்கூடம் வாங்கி முடித்த பிறகு, அதே 2008-இல்தான் தெரியவந்தது. புகார் இல்லை என்பதைத் திருட்டு இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். வாங்கும்முன் கலைக்கூடம் பெற்ற சட்ட ஆலோசனையே உடைமை வரலாற்றுச் சான்றுகள் மெலிந்திருப்பதைச் சுட்டி எச்சரித்திருந்தது என்பது பின்னர் ஊடகங்களில் வெளியானது. எச்சரிக்கை கையில் இருந்தும் வாங்கும் முடிவு நின்றது. இதைத் தனிமனிதர்களின் பேராசை என்று முடித்துவிடுவது நியாயமாகாது. ஒரு பொருளை முன்மொழியும் காப்பாட்சியர் அதன் அழகில் பல மாதம் தோய்ந்தவர். இயக்குநர் தன் காலத்தின் அடையாளமாக ஒரு பேருருவை விரும்புகிறார். ஆட்சிக்குழுவின் மேசைக்கு வரும்போது அது ஏறத்தாழ முடிந்த காரியம். அந்த அறையில் பொருளுக்கு வழக்காட ஆள் இருக்கிறார். பொருளை இழந்தவர் சார்பில் பேச யாரும் இல்லை.

கான்பெரா மட்டும் இப்படித் தவறியிருந்தால் அதை ஒரு குழுவின் சறுக்கல் என்று விட்டுவிடலாம். ஸ்ரீபுரந்தானின் பிள்ளையார் திருமேனியை 2006-இல் ஒஹாயோவின் டொலிடோ கலை அருங்காட்சியகம் அதே கபூரிடம் வாங்கியது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் 2004-இலேயே சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போயிருந்தது. அதுவும் 2014-இல் நடராசருடன் ஒரே நாளில் திரும்பியது. தனித்தனி ஊர்களில் தனித்தனிக் குழுக்கள் ஒரே இடத்தில் இடறியிருப்பதால், பிழை நடைமுறையில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

கொடைகளின் நிலை இன்னும் மோசம். விலை கொடுக்கும்போது குழு ஒருமுறையாவது யோசிக்கும். இலவசமாக வருவதற்கு நன்றி சொல்வதே வழக்கம். அமெரிக்காவில் கொடையாளருக்கு வரிச்சலுகையும் கிடைக்கிறது. கபூர் வெறும் விற்பனையாளராக மட்டும் இருக்கவில்லை. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அவர் அளித்த இந்தியச் சித்திரங்களைக் கொண்டு, அவர் பெயரிட்டே, 2009-இல் அங்கு ஒரு கண்காட்சி நடந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் சுவரில் கொடையாளராகப் பெயர் ஏறிய வணிகர் அடுத்த நிறுவனத்தின் வாசலில் நிற்கும்போது அவரைச் சந்தேகிப்பது யாருக்கும் கடினம். கொடை ஏற்பு என்பது, இந்த வகையில், கொடையாளரின் நம்பகத்தன்மைக்கு அருங்காட்சியகம் வழங்கும் சான்றிதழ். வாங்குவதற்கு வேண்டிய அதே ஆவணங்கள் கொடைக்கும் வேண்டும்.

கபூர் 2011 அக்டோபரில் பிராங்பர்ட்டில் கைதானார். 2012-இல் இந்தியாவுக்கு ஒப்படைக்கப்பட்ட அவருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. கைதுக்குப் பின்னும் நடராசர் ஏறத்தாழ மூன்றாண்டு கான்பெராவில் இருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களில் கோயிலுக்குள் நின்ற அதே திருமேனி அடையாளம் காணப்பட்ட பிறகும் உடனே முடிவு வரவில்லை. 2014 மார்ச்சில் இந்தியா முறைப்படி கோரிய பிறகே காரியம் நகர்ந்தது. வாங்க மெலிந்த சான்று போதுமானதாக இருந்தது. திருப்பித் தருவதற்கோ புகைப்படமும் அரசின் கோரிக்கையும் வேண்டியிருந்தன. இந்தத் தராசு தலைகீழாகப் பிடிக்கப்பட்டது என்பதே என் முடிபு.

அதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கும் அதே கலைக்கூடமே சான்று. முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி சூசன் கிரென்னனின் சுதந்திர ஆய்வுக்குத் தன் ஆசியச் சேகரிப்பை அது உட்படுத்தியது. 2021-இல் 14 பொருள்களைத் திருப்பித் தர முடிவெடுத்தபோது புதிய அளவுகோலையும் அறிவித்தது: திருடப்பட்டிருக்கவோ சட்டத்துக்கும் நெறிக்கும் மாறாகப் பெறப்பட்டிருக்கவோ வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே திருப்பித் தரப்படும். குற்றவியல் வழக்குக்குரிய ஐயமற்ற நிரூபணம் தேவையில்லை. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஆடும் பிள்ளையான சம்பந்தர் திருமேனி அந்த 14-இல் ஒன்று. இன்னொரு முன்மாதிரி ஆக்ஸ்ஃபோர்டில் உண்டு. ஆஷ்மோலியன் 1967-இல் சோதபி ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் திருமேனி 1957-இல் ஒரு தமிழ்நாட்டுக் கோயிலில் இருந்ததைப் பழைய புகைப்படம் காட்டியது. வெளி ஆய்வாளர் ஒருவர் கவனத்துக்குக் கொண்டுவந்ததும் அந்த அருங்காட்சியகம் தானே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு திருப்பித் தர ஒப்புதல் அளித்தது.

எதிர்வாதங்களில் ஒன்று உண்மையிலேயே உறுத்துவது. திரும்பி வரும் திருமேனிகள் பூசைக்குப் போகாமல் பாதுகாப்பு மையங்களின் இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் நிற்கின்றன, கான்பெராவில் ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள், இங்கே யாரும் பார்ப்பதில்லை என்கிறார்கள். இந்தக் குறை நம்முடையது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உரியவர் தன் பொருளை எப்படி வைத்துக்கொள்வார் என்பது அதை வைத்திருக்கும் பிறர் முடிவெடுக்கும் விஷயம் அன்று. அண்டை வீட்டான் நகையை அணியாமல் பெட்டியில் பூட்டிவைக்கிறான் என்பதற்காக அது நமக்கு உரிமையாவதில்லை. பார்வையாளருக்குக் காட்டும் நோக்கம் இருந்தால் இரவலாகக் கேட்டுப் பெறலாம். அதற்குமுன் உரிமை யாருடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேலே சொன்ன வழக்குகளில் பலவற்றைத் தீர்த்தது ஒரு பிரெஞ்சு நிறுவனம் வெண்கலங்களையும் கற்சிற்பங்களையும் வழக்கமான ஆய்வுக்காகக் கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த புகைப்படங்கள். அந்தப் படங்கள் இல்லாத கோயில்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வழிபாடு குறைந்து பூட்டிக்கிடக்கும் சிறு கோயில்களின் திருமேனிகளைப் படமெடுத்து, அளவெடுத்து, உலகம் பார்க்கும்படி வெளியிடும் பணியை அறநிலையத் துறையும் பல்கலைக்கழகங்களும் உடனே கையிலெடுக்க வேண்டும்.