தட்டானும் வகைப்பாட்டின் அதிகாரமும்

கடலூரில் கெடிலக்கரையில் தட்டான் வாலில் நூல் கட்டி விளையாடியவன்தான் நானும். 'தட்டான் தாழப் பறந்தா மழைடா' என்போம். பெரியது தட்டான், ஒல்லியானது ஊசித்தட்டான். எங்கள் வகைப்பாடு அவ்வளவுதான்.

1758இல் லின்னேயஸ் இறக்கையை அளவுகோலாக்கி, இதை நியூரோப்டெரா வரிசையில் சேர்த்தார். அவரது மாணவர் ஃபாப்ரீசியஸ் வாயைப் பார்த்தார். பல்லுள்ள தாடையை வைத்து 1793இல் 'ஓடனேட்டா' என்று தனி வரிசை வகுத்தார். நம் தொல்காப்பிய மரபியலோ உயிர்களைப் புலனறிவால் அடுக்கி, நண்டையும் தும்பியையும் நான்கறிவில் வைக்கிறது. (அந்தத் தும்பியை வண்டு என்றே கொள்வர்.) ஆக, எந்த உறுப்பு முக்கியம் என்பது பூச்சி சொல்வதல்ல, பார்ப்பவர் செய்யும் தெரிவு.

பார்த்தவர் யார்? சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டினால் தரங்கம்பாடி. 1790களில் அங்கிருந்த டேனிஷ் கம்பெனி அதிகாரி டால்டார்ஃப், ஃபாப்ரீசியசுக்குப் பூச்சிகளை அனுப்பினார். நம்மூரில் மழைக்காலத்தில் கூட்டமாய்ப் பறக்கும் மஞ்சள் தட்டானுக்கு 1798இல் பெயரிட்டவரும் ஃபாப்ரீசியஸ்தான். 1861இல் ஹாகன் 'பாந்தலா' பேரினத்தை உருவாக்க, அது பாந்தலா ஃபிளாவெசென்ஸ் ஆயிற்று. பின்னால் ஃபாப்ரீசியஸ் பெயர் அடைப்புக்குறிக்குள். பேரினம் மாறியதை அந்தக் குறி சொல்லும். பிடித்தவர் யார் என்று சொல்ல இந்த முறையில் இடமே கிடையாது.

உலர்ந்த பூச்சிதான் கப்பலேறியது. தலைப்பிரட்டை தின்று தண்ணீரில் வளர்ந்த அதன் இளம்பருவம் குளத்திலேயே தங்கிவிட்டது. ஓடனேட்டா பொய்யல்ல, இன்றும் செல்லுபடியாகிறது. ஆனால் அடைப்புக்குறிக்கு வெளியே விடுபட்டவர்களையும், அந்தக் குளத்தையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.