வெட்டும் எல்லை: அங்கநீக்க வரலாற்றில் ஒரு வினா

1775ஆம் ஆண்டில் திருகோணமலைத் துறைமுகத்திற்கு வந்த ‘சீஹோர்ஸ்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் ஹொரேஷியோ நெல்சன் என்னும் இளைஞனும் இருந்தான். துறைமுகத்தின் தென்புறத்தே வாழ்ந்த கிண்ணியா மக்கள் அக்கப்பலைக் கண்டிருத்தலும் கூடும். 1797இல் தெனெரீஃப் தீவுப் போரிலே குண்டடிபட்ட அவனது வலக்கை முழங்கைக்கு மேலே வெட்டியகற்றப்பட்டது. மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. வைத்தியரின் திறமை கைவிரைவிலேயே தங்கியிருந்தது. எவ்விடத்தில் வெட்டுவது என்பதைக் கண்ணும் விரலுமே தீர்மானித்தன.

1846இல் ஈதர் மயக்கமும் 1867இல் லிஸ்ரரின் கிருமிநீக்க முறையும் வந்தபின் விரைவு இன்றியமையாததன்று என்றாயிற்று. ஆயின், எவ்விடம் என்னும் வினா எஞ்சிநின்றது. நீரிழிவாலும் நாடியடைப்பாலும் கால் இழப்போர் பெருகிய இருபதாம் நூற்றாண்டில் அது மேலும் கூர்மையுற்றது. தாழ வெட்டினால் குருதியோட்டங் குன்றிய தோல் ஆறாது; மறுபடியும் வெட்டநேரும். உயர வெட்டினாலோ முழங்கால் பறிபோகும். கிண்ணியாவின் மீனவனுக்கும் உழவனுக்கும் முழங்கால் என்பது தோணியில் ஏறுதலும், வரம்பிலே நடத்தலும், தொழுகையில் மண்டியிடுதலுமாகும். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை, அவ்வூர் நோயாளர் நேர்வழியாகத் திருகோணமலையை அடைவதற்குப் ‘பாதை’ எனப்பட்ட மிதவையையே நம்பியிருந்தனர். இரண்டாம் முறை வெட்டு என்றால் இரண்டாம் முறையும் அந்நீரைக் கடத்தல் வேண்டும்.

இவ்வினாவிற்குத் துணைவந்த கருவி அங்கநீக்கத்திற்கென ஆக்கப்பட்டதன்று என்பது வியப்புக்குரியது. 1956இல் லீலண்ட் கிளார்க் என்னும் அமெரிக்கர் ஒட்சிசனை அளக்கும் மின்வாயொன்றைப் பற்றி வெளியிட்டார். 1970களின் தொடக்கத்தில் ஜேர்மனியிலே ஹூக் தம்பதியர் சூடாக்கிய மின்வாயைப் பச்சிளங் குழந்தைகளின் தோலில் ஒட்டி அளந்தனர். ஏறத்தாழ 44 பாகை வெப்பத்தில் தோலின் நுண்குழாய்கள் விரிகின்றன, ஒட்சிசன் தோலினூடே வெளிப்பட்டு மின்வாயை அடைகின்றது, ஊசி குத்தவேண்டியதில்லை.

குழந்தையின் மார்பிலிருந்து முதியவரின் காலுக்கு இம்முறை வந்துசேர நெடுங்காலம் செல்லவில்லை. வெட்டக் கருதும் இடத்தில் 40 மில்லிமீற்றர் இரச அமுக்கத்திற்கு மேற்பட்ட அளவு காணப்படின் புண் ஆறுமென எதிர்பார்க்கலாம். 20க்குக் குறையின் நம்பிக்கை அரிது. இடைப்பட்ட எண்களே இடர்ப்பாடு தருவன. வீக்கமும் அழற்சியும் எண்ணைப் பொய்ப்பித்தலும் உண்டு. எனவே காலை உயர்த்திவைத்து மீண்டும் அளப்பர். ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்தும் அளப்பர். மார்பின் அளவோடு ஒப்பிட்டும் நோக்குவர். அதன்பின்னர், நெல்சன் காலத்து வைத்தியரைப் போலவே, தோலைத் தொட்டும் பார்க்கின்றனர்.