ஏழு அங்குல வட்டம்

எம்ஜிபி என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற சின்ன ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. இன்றைக்கும் நிறைய எம்ஜிபி ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய எம்ஜிபி ஒன்றை வாங்குபவர் முதலில் செய்ய நினைக்கும் வேலைகளில் ஒன்று ஹெட்லைட்டை மாற்றுவது. காரணம் எளிது. ராத்திரியில் ஒன்றும் தெரியாது.

மாற்றுவதும் ஆச்சரியப்படும் அளவுக்குச் சுலபம். குரோம் வளையத்தைக் கழட்டினால் உள்ளே ஏழு அங்குல வட்ட விளக்கு. அதை எடுத்துவிட்டு, நேற்று தயாரான ஹாலஜன் விளக்கை அதே இடத்தில் வைக்கலாம். வெட்ட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். அறுபது வருஷப் பழைய காருக்கு வேறெந்தப் பாகம் இப்படிக் கிடைக்கும்? இது எப்படி சாத்தியமாச்சு என்று தோண்டப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

கதை அமெரிக்காவில் 1940ல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் விளக்கு விஷயம் ஒரே குழப்பம். மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு சட்டம். ரிஃப்ளெக்டர் வெள்ளி முலாம் பூசியது. ஈரமும் தூசியும் உள்ளே போய் சில வருஷத்தில் கறுத்துவிடும். பல்ப் புதிதாக இருந்தாலும் வெளிச்சம் வராது. பிரிட்டனில் நிலைமை இன்னும் வேடிக்கை. 1930களின் பல கார்களில் டிம் அடித்தால் இடது விளக்கின் ரிஃப்ளெக்டரை ஒரு சோலனாய்டு கீழே சாய்க்கும், வலது விளக்கு அணைந்தே போய்விடும். எதிரே வருகிறவருக்கு வருவது காரா மோட்டார் சைக்கிளா என்று தெரியாது. அதைத்தான் நாகரிகமான ஏற்பாடு என்று நினைத்திருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வாக அமெரிக்காவில் வந்ததுதான் சீல்டு பீம். கண்ணாடி, ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் மூன்றும் சேர்ந்து ஒரே மூடிய பாத்திரம். தூசி போக வழியில்லை. ஃபிலமென்ட் போனால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டணும். 1940 மாடல் கார்களில் இருந்து எல்லாருக்கும் ஒரே விதி: ஏழு அங்குல வட்டம், காருக்கு இரண்டு. எந்த ஊரில் பழுதானாலும் பக்கத்துக் கடையில் அதே விளக்கு கிடைக்கும். அந்தக் காலத்துக்கு அது நல்ல முடிவு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை, அதோடு நின்றுவிட்டதில்தான். 1957-58 வாக்கில் நான்கு சின்ன விளக்குகளுக்கு அனுமதி கிடைத்தது, 1975ல் செவ்வக வடிவத்துக்கு. ஆனால் மூடிய பாத்திரம் என்ற விதி அசையவில்லை. ஐரோப்பாவில் 1962லேயே எச்1 ஹாலஜன் பல்ப் வந்துவிட்டது. டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒரே பல்பில் இரண்டு ஃபிலமென்ட் வைத்த எச்4, 1971ல் வந்தது. அமெரிக்காவிலோ பல்பை மட்டும் மாற்றும் ஹெட்லைட்டுக்கு 1983ல்தான் அனுமதி. 1984 மாடல் லிங்கன் மார்க் 7 அதை முதலில் பயன்படுத்தியது. நாற்பது வருஷத்துக்கும் மேல்! வெளிச்சத்துக்கும் உச்சவரம்பு உண்டு: பிரைட்டில் ஒரு காருக்கு மொத்தம் 75,000 கேண்டெலா. 1978ல்தான் 150,000 ஆக்கினார்கள். அன்றைய ஐரோப்பிய வரம்பு 225,000.

1968ல் இன்னொரு விதியும் சேர்ந்தது: ஹெட்லைட்டின் முன்னால் கண்ணாடி மூடி கூடாது. ஜாகுவார் இ-டைப்பின் மூக்கில் இருந்த அந்த அழகான மூடிகள் இப்படித்தான் போயின. இ-டைப் பிரியர்கள் இன்னும் இதை மன்னிக்கவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. சாய்ந்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்த விளக்கு அழகுக்கு நன்றாக இருந்ததே தவிர, சாலைக்கு நன்றாக இருந்ததாகச் சொல்ல முடியாது.

பிரிட்டனில் லூகாஸ் நிறுவனமும் அதே ஏழு அங்குலத்தில் விளக்கு செய்தது. எஃப்700, பி700 என்ற பெயர்களில் வரும் 700 அந்த ஏழு அங்குலம்தான். ஆனால் இங்கே அளவு மட்டும்தான் நிலையாக இருந்தது. விளக்குக்குள் இருப்பது மாறிக்கொண்டே வந்தது. என் தொழில் பாஷையில் சொன்னால், ஐரோப்பாவில் இன்டர்ஃபேஸ் உறைந்தது, அமெரிக்காவில் கோடும் சேர்ந்து உறைந்தது. அதனால்தான் 1971ன் எச்4 பல்ப், 1962ன் எம்ஜிபி ஓட்டைக்குள் அப்படியே போய் உட்காருகிறது. நம்ம ஊர் அம்பாசடருக்கும் அதே ஏழு அங்குல வட்டம்தான்.

லூகாஸ் என்றதும் சென்னைக்காரர்களுக்கு பாடி ஞாபகம் வரும். டிவிஎஸ்ஸுடன் கூட்டாக 1961ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் அங்கேதான் இருக்கிறது. மேலை நாட்டுக் கார்ப் பிரியர்களுக்கோ லூகாஸ் என்றால் கிண்டல். 'இருளின் இளவரசன்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். இந்தக் கிண்டல் பாதிதான் நியாயம் என்று நினைக்கிறேன். ஏன் என்று வயரைப் பின்தொடர்ந்து போனால் தெரியும்.

ஆரம்பகால எம்ஜிபியில் கரண்ட் பேட்டரியில் இருந்து பழுப்பு வயரில் கிளம்பி டேஷ்போர்டுக்கு வரும். அங்கே ஹெட்லைட் சுவிட்ச். அதைத் தாண்டி நீல வயரில் தரையில் இருக்கும் டிப் சுவிட்சுக்கு. ஆமாம், டிம் அடிப்பது காலால். அங்கிருந்து பிரைட்டுக்கு நீலம்-வெள்ளை, டிம்முக்கு நீலம்-சிவப்பு. மறுபடி என்ஜின் பக்கம் போய், முன்னால் கிரில்லுக்கு அருகே புல்லட் கனெக்டர்களைத் தாண்டி, விளக்கு. பிறகு கறுப்பு வயரில் எர்த். நடுவில் ரிலே கிடையாது, ஃபியூஸும் கிடையாது. விளக்கின் மொத்தக் கரண்டும் இரண்டு சுவிட்ச் வழியாகவே போய் வருகிறது. புதுசில் இது ஓடியது. அறுபது வருஷ மழையில் ஒவ்வொரு கனெக்டரும் பச்சை பூத்தால் என்ன ஆகும்?

இங்கேதான் ஒரு கணக்கு. ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர்விகிதத்தில் குறையாது. ஏறக்குறைய வோல்டேஜின் 3.4 அடுக்காகக் குறையும். 13.5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் இழப்பு பதினோரு சதவீதம்தான். வெளிச்சத்தில் போவதோ மூன்றில் ஒரு பங்கு! விளக்கு நல்லாத்தான் இருக்கு, வரவேண்டியது வரலை. இதற்கு லூகாஸைத் திட்டி என்ன பிரயோஜனம்? துரு எந்தக் கம்பெனி என்று பார்த்துப் பிடிப்பதில்லை.

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்ப் மாட்டுபவர்கள் உண்டு. டிம்மிலேயே பதினைந்து ஆம்பியர். பழைய சுவிட்ச் உருகும். ஃபியூஸ் இல்லாத வயர் சூடானால் தடுக்க எதுவுமில்லை. தவிர, 1967 கடைசி வரை வந்த எம்ஜிபிகளில் இருந்தது டைனமோ. அது முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர், ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. விளக்கு, வைப்பர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் கணக்கு இடிக்கும். அதற்குப் பிறகுதான் ஆல்டர்னேட்டர் வந்தது.

ஆக, விளக்கை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறு. முதலில் எர்த் முனைகளைச் சுத்தம் செய்யணும். காசு செலவே இல்லாத வேலை, அதனாலேயே யாரும் செய்வதில்லை. அடுத்து ரிலே: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. விளக்குக்கான கரண்ட் பேட்டரிப் பக்கத்தில் இருந்து ஃபியூஸ் வழியாக, தடித்த வயரில் நேராகப் போய்விடும். பழைய சுவிட்சுகள் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். அதற்கு ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. அப்புறம் சாதாரண 60/55 வாட் எச்4. எம்ஜிபிக்கு இதுவே தாராளம்.

எல்ஈடி மாட்டலாமா என்று கேட்பார்கள். எச்4 பல்பில் டிம் ஃபிலமென்டுக்கு அடியில் ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கிச் சாலையில் விழுவதற்காக. ஃபிலமென்ட் நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துத்தான் ரிஃப்ளெக்டரை வடிவமைத்திருக்கிறார்கள். அதே ரிஃப்ளெக்டரில், ஒளி வேறு வடிவத்தில் வேறு இடத்தில் கிளம்பும் எல்ஈடி பல்பைச் செருகினால், வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழும். ஓட்டுகிறவருக்கு முன்னால் பளிச்சென்று இருப்பதால் தப்பு நடப்பதே தெரியாது. இந்தக் கூச்சத்தை ராத்திரி நெடுஞ்சாலையில் அனுபவிக்காதவர் யாராவது உண்டா? எல்ஈடிக்கென்றே முழுசாக வடிவமைத்த ஏழு அங்குல விளக்குகளும் வருகின்றன. அது வேறு விஷயம். அதை மாட்டுவதில் ஒளி அளவில் தவறில்லை, அந்த முகத்துக்குப் பொருந்துகிறதா என்பது அவரவர் ரசனை.

அமெரிக்கா போன எம்ஜிபிகளில் கணிசமானவை இப்போது பிரிட்டனுக்கே திரும்பி வருகின்றன. கலிஃபோர்னியா போன்ற வறண்ட இடங்களில் இருந்ததால் தகரம் துருப்பிடிக்காமல் இருக்கும், அதனால் கிராக்கி. ஆனால் அவற்றின் டிம் வெளிச்சம் வலதுபக்க ஓரத்தைப் பார்க்கும்படி அமைந்தது. இடதுபக்கம் ஓட்டும் நாட்டில் வலதுபக்கம்தான் எதிர்வண்டி வரும். எம்ஓடி சோதனைக்குப் போனால் இது தேறாது. ஸ்டீயரிங்கை இடதுபக்கமே விட்டுவிட்டு ஓட்டலாம், சட்டம் கேட்காது. ஹெட்லைட்டை மட்டும் மாற்றியே ஆகணும். அதற்கும் அந்த ஏழு அங்குல ஓட்டை போதும்.